போலோவுக்கு ஐபாக் ப்ரோ-கிட் ஸ்பிரிங்: எவ்வளவு இறக்கலாம்?

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஐபாக் நிறுவனத்தின் ப்ரோ-கிட் ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, கோவை நகரத்துக்குள்ளும், சேலம் நெடுஞ்சாலையிலும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது. ஸ்பிரிங் தரமானது, கொடுத்த விலைக்குத் தகுந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால், பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை டயருக்கும் அதன் மேலுள்ள ஃபெண்டர் தகட்டுக்கும் நடுவே கண்ணில் படும் இடைவெளியை வைத்து முடிவு செய்வதுதான் நம்மிடையே வழக்கம்; உண்மையில் சக்கரம் மேலே ஏறி இறங்க உள்ளே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

போலோ 2010 முதல் 2022 வரை புனேக்கு அருகில் உள்ள சாக்கன் ஆலையில் தயாராகி இங்கே விற்பனையானது. நம் சாலைகளை மனத்தில் கொண்டு இந்திய வண்டியைச் சற்று உயர்த்தியே அனுப்பினார்கள். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. என்று குறிப்பிடப்பட்டது. அந்த உயரத்தால் குழிகளில் கவலையின்றிப் போகலாம் என்பது உண்மைதான் என்றாலும், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வண்டி கால் விரலில் எம்பி நிற்பதைப் போல ஒரு தோற்றம் இருக்கும். நெடுஞ்சாலையில் பாதை மாற்றும்போது உடல் ஒரு கணம் தாமதித்துச் சாயும். இந்த இரண்டையும் சரிசெய்யத்தான் பெரும்பாலோர் ஸ்பிரிங் தேடுகிறார்கள். தோற்றத்துக்காக மட்டுமே இறக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதில் தவறேதும் இல்லை. அதையே கையாளும் திறன் என்று பெயர் மாற்றிச் சொல்லும்போதுதான் தவறான அளவைத் தேர்ந்தெடுக்க நேர்கிறது.

ஐபாக் 1951-இல் தொடங்கப்பட்ட ஜெர்மானிய நிறுவனம். ஃபின்னென்ட்ராப் என்ற ஊரிலிருந்து இயங்குகிறது. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளில் மிதமாக இறக்குவது ப்ரோ-கிட், இன்னும் கீழே கொண்டுபோவது ஸ்போர்ட்லைன் என்று இரண்டு வரிசைகளை விற்கிறார்கள். நம் ஊருக்கு ஸ்போர்ட்லைனைப் பற்றிப் பேசவே தேவையில்லை. பெட்டிக்குள் முன்பக்கத்துக்கு இரண்டு, பின்பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங்குகளும், எந்த எடை வரை அவை தாங்கும் என்ற அச்சு எடைக் குறிப்பும், ஜெர்மனியில் பதிவுக்குப் பயன்படும் சான்றுத் தாள்களும் இருக்கும். வாங்குவதற்கு முன் பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது அந்த அச்சு எடைக் குறிப்பைத்தான். போலோவிலேயே பெட்ரோல், டீசல், ஆட்டோமேட்டிக் என்று மாறும்போது முன் அச்சின் எடையும் மாறுகிறது. எடை குறைந்த என்ஜினுக்கான ஸ்பிரிங்கைக் கனமான டீசல் வண்டியில் மாட்டினால், பெட்டியில் சொன்னதைவிட மூக்கு அதிகமாகக் குனிந்து நிற்கும். மாற்றி மாட்டினால் முன்புறம் இறங்கவே மறுக்கும். ‘போலோவுக்கு’ என்று மட்டும் கேட்டு வாங்காமல், பதிவுச் சான்றிதழில் உள்ள என்ஜின் விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதிரிபாக எண்ணைச் சரிபார்த்து வாங்குவது நல்லது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் அளவையும் அப்படியே நம்பிவிட முடியாது. அது ஐரோப்பிய வண்டி நிற்கும் உயரத்திலிருந்து கணக்கிட்ட எண். இந்திய வண்டி ஏற்கெனவே உயர்ந்து நிற்பதால், அதே ஸ்பிரிங்கை இங்கே மாட்டும்போது கூடுதலாக இறங்கும். என் வண்டியில் முன்புறம் பெட்டியில் இருந்த எண்ணைவிட 8 மி.மீ. அதிகமாக இறங்கியது. இது குறையன்று, ஸ்பிரிங் வண்டியைத் தான் கொண்டுபோக வேண்டிய உயரத்துக்குத்தான் கொண்டுபோகிறது, நாம் புறப்பட்ட இடம்தான் வேறு. ஆகவே ‘30 மி.மீ. தானே’ என்று நினைத்து வாங்குபவர் 40-ஐ நெருங்கவும் தயாராக இருக்க வேண்டும்.

இதை அளக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘எவ்வளவு இறங்கியது’ என்று கேட்டால் பெரும்பாலோர் தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். அந்த அளவில் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கலந்துவிடுகின்றன. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளப்பதுதான் சரி. டயர் எதுவாக இருந்தாலும் அந்த எண் மாறாது. தரை சமமாக இருக்க வேண்டும், டேங்கில் ஏறத்தாழப் பாதி பெட்ரோல் இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளக்கக்கூடாது. சக்கரங்கள் தரையில் பக்கவாட்டில் இறுகி நிற்பதால் வண்டி சில மில்லிமீட்டர் உயரமாகவே காட்டும். முன்னும் பின்னும் சில அடி உருட்டிய பிறகே அளவுநாடாவை எடுக்க வேண்டும். இந்த முறையில் என் வண்டி முன்புறம் 375, பின்புறம் 378 மி.மீ. என்று இருந்தது. ஸ்பிரிங் மாற்றி, அது அமர்ந்த பிறகு முன்புறம் 339, பின்புறம் 346. இடதுக்கும் வலதுக்கும் நான்கைந்து மி.மீ. வேறுபாடு இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்தாலே அது மாறிவிடும்.

இந்த இறக்கம் வண்டியின் உள்ளே என்ன செய்கிறது என்பதுதான் முக்கியமான விஷயம். ஸ்பிரிங்கும், அது துள்ளுவதை அடக்கும் ஷாக் அப்சார்பரும் முழுதாக அமுங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், பம்ப் ஸ்டாப் என்ற நுரைப்பொருள் கட்டை ஒன்று சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும். வண்டி நிற்கும் நிலையிலிருந்து அந்தக் கட்டையைத் தொடும் வரை 80 மி.மீ. தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 30 மி.மீ. இறக்கினால் அது 50 ஆகிவிடும். ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே மேட்டில் ஏறும் அதிர்ச்சியை 50 மி.மீ. தூரத்துக்குள் ஸ்பிரிங் மட்டுமே தாங்க வேண்டுமானால், அது முன்பைவிட இரண்டரை மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாராவது சாலை வண்டிக்கு மாட்டினால் பல் கொட்டிவிடும். எந்த நிறுவனமும் அவ்வளவு கடினமாகச் செய்வதில்லை. ஓரளவு மட்டுமே கடினப்படுத்திவிட்டு, மிச்ச வேலையைப் பம்ப் ஸ்டாப்பிடம் ஒப்படைக்கிறார்கள். இறக்கிய வண்டி குழியில் ‘தட்’ என்று அடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்கின் கடினத்தை உணர்வதில்லை. பம்ப் ஸ்டாப்பில் சக்கரம் மோதுவதைத்தான் உணர்கிறார்கள். ஆகவே பம்ப் ஸ்டாப்பின் நிலைதான் முழு வேலையையும் தீர்மானிக்கிறது. தயாரிப்பாளர் சொல்லும் இடத்தில், சொல்லும் அளவுக்கு அதைச் சுருக்கலாம். வெட்டி எறிந்துவிட்டால் ஷாக்கின் உள்ளே உலோகத்தோடு உலோகம் மோதும். பழைய கட்டை பொடிந்து உதிரும் நிலையில் இருந்தால் புதிது வாங்கிவிடுங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய தொகை.

ப்ரோ-கிட் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முனையில் சில சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கியும், மற்றவை அகன்றும் இருப்பது தெரியும். இதை ‘ப்ரோக்ரெஸிவ்’ என்று விற்கிறார்கள்: தொடக்கத்தில் மென்மை, அமுங்க அமுங்கக் கடினம். இந்த விளக்கம் பாதிதான் சரி. அந்த நெருங்கிய சுற்றுகளில் பெரும்பகுதி வண்டியின் எடை ஏறியவுடனேயே மூடிக்கொள்கின்றன. வண்டி ஓடும்போது வேலை செய்பவை அகன்ற சுற்றுகள்தான். நெருங்கிய சுற்றுகளின் உண்மையான பயன் வேறு. சக்கரம் குழியில் தொங்கும்போதோ ஜாக்கியில் தூக்கும்போதோ, நீளம் குறைந்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவாமல் அவை நிறைந்து நிற்கின்றன. தொழிற்சாலை ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி வண்டியை இறக்கும் பழைய வழக்கம் ஏன் ஆபத்தானது என்பதும் இதிலேயே விளங்கும். வெட்டிய ஸ்பிரிங் சற்றுக் கடினமாகும். ஆனால் முனை இருக்கையில் சரியாக அமராது, சக்கரம் தொங்கும்போது தளர்ந்து ஆடும். நெருப்பில் காய்ச்சி ஸ்பிரிங்கை அமிழ்த்துவது அதைவிட மோசம். எஃகின் பதம் கெட்டுப்போன பிறகு அது எந்த உயரத்தில் நிற்கும் என்று மாட்டியவராலும் சொல்ல முடியாது.

உயரம் குறைந்தால் புவியீர்ப்பு மையமும் இறங்கும், ஆகவே வண்டி குறைவாகச் சாயும் என்பது பொதுவான நம்பிக்கை. அது எப்போதும் சரியன்று. போலோவின் முன்புறத்தில் இருப்பது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். இந்த அமைப்பில் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை, உள்முனையிலிருந்து வெளியே சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழே சரிந்து நிற்க வேண்டும். வண்டியை இறக்க இறக்க அந்தக் கை மட்டமாகி, பிறகு வெளிமுனை மேலே எழும்பத் தொடங்கும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள தூரம் கூடுவதால் உடலைச் சாய்க்கும் விசையும் கூடுகிறது. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அமுங்கும்போது கிடைக்க வேண்டிய கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) கிடைக்காமல் போகிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறுவதால், மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். அளவுக்கு மீறி இறக்கிய வண்டி ஸ்பிரிங்கின் கடினத்தால் மட்டுமே சாயாமல் நிற்கிறது, வடிவமைப்பின் உதவியால் அன்று. ப்ரோ-கிட் இறக்கும் அளவில் என் வண்டியின் கீழ்க்கை ஏறத்தாழ மட்டத்தில் நிற்கிறது. இதற்கு மேல் 10 மி.மீ. இறக்கினாலும் தோற்றத்தில் கிடைப்பதைவிட ஓட்டத்தில் இழப்பது அதிகம்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் என் கருத்து கறாரானது. முதலில் தொழிற்சாலை ஷாக்குகளோடே இந்த ஸ்பிரிங்குகளை ஓட்டினேன். நகரத்தில் பெரிதாகக் குறை தெரியவில்லை. அவிநாசி சாலை மேம்பாலத்தின் இணைப்புகளின் மீது 80 கி.மீ. வேகத்தில் போகும்போது, ஒவ்வோர் இணைப்புக்குப் பிறகும் முன்புறம் ஒன்றரைத் தடவை எழும்பி அடங்கியது. அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது அதைப் பிடித்து நிறுத்தும் வேலை ஷாக்குடையது; மென்மையான ஸ்பிரிங்குக்கென்று அளந்து செய்த ஷாக்குக்கு இந்தக் கடினத்தைப் பிடிக்கும் வலு போதவில்லை. அதோடு, நீளம் குறைந்த நிலையிலேயே எப்போதும் வேலை செய்வதால், கொஞ்சம் ஓடிய ஷாக்காக இருந்தால் விரைவில் எண்ணெய் கசியத் தொடங்கும். பில்ஸ்டீன் நிறுவனத்தில் பி6 தொழிற்சாலை உயரத்துக்கும், பி8 இறக்கிய வண்டிக்கும் உரியவை. பி8-இன் தண்டு நீளம் குறைவு. பி8 மாட்டிய பிறகு அதே மேம்பாலத்தில் ஒவ்வோர் இணைப்பும் ஒரே ஒரு தட்டலாகக் கேட்டு அடங்கிவிடுகிறது. குறைந்த வேகத்தில், கல் பாவிய தெருக்களில், முன்பைவிடச் சற்று இறுக்கமாகத்தான் இருக்கும்; அதை மறைக்க விரும்பவில்லை.

பொருத்தும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முன் ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியில் பிடித்து மாற்ற வேண்டும். அந்தக் கருவி தரமற்றதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், இதை வீட்டு வாசலில் செய்யச் சொல்ல மாட்டேன். பின்புறத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியே இருப்பதால் வேலை எளிது. ஸ்பிரிங்கின் முனை ரப்பர் இருக்கையில் உள்ள தடுப்பில் முட்டி நிற்கிறதா என்று மட்டும் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டும் அதன் பேரிங்கும் பழையதாக இருந்தால் கையோடு மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகிக் ‘கடக்’ என்று விடுபடும் ஓசை கேட்கும், பழி புதிய ஸ்பிரிங்கின் மேல் விழும்.

நான் முதலில் வண்டியை விட்ட ஒர்க்‌ஷாப்பில் எல்லாப் போல்ட்டுகளையும் வண்டி லிஃப்டில் தொங்கும்போதே இறுக்கிவிட்டார்கள். கீழ்க்கையின் உள்முனையிலும் பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ட்விஸ்ட் பீமின் முனைகளிலும் இருப்பவை ரப்பர் புஷ்கள். அவை பேரிங்கைப் போலச் சுழல்பவை அல்ல; நடுவில் உள்ள உலோகக் குழாயோடு ஒட்டியிருக்கும் ரப்பர், முறுகி மீண்டும் தன் நிலைக்கு வரும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலைதான் புஷ்ஷின் இயல்பு நிலையாகிவிடும். வண்டி தரையில் நிற்கும்போது ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருக்கும். அதனால் வண்டி எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது, சிறு மேடுகளில் காரணமின்றி விறைத்துக்கொள்ளும், சில மாதங்களில் ரப்பர் ஓரங்களில் கிழியத் தொடங்கும். என் வண்டியில் முன்புறம் கணக்கைவிட 6 மி.மீ. உயர்ந்து நின்றதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. வேறோரிடத்தில் வண்டியை அலைன்மென்ட் மேடையில் நான்கு சக்கரங்களும் தாங்கும்படி நிறுத்தி, அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தியபோது, முதல் போல்ட் அரைச் சுற்று திரும்பியதுமே ‘டக்’ என்ற ஓசையோடு மூக்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு அதே நிலையில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினார்கள். எந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும், ‘புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்குவீர்களா’ என்று முன்கூட்டியே கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

புதிய ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் இன்னும் சில மில்லிமீட்டர் அமரும். ஆகவே பொருத்திய அன்று டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மட்டும் ஓரளவு சரிசெய்துகொண்டு, ஸ்பிரிங் அமர்ந்த பிறகு முழு அலைன்மென்ட் செய்வதே முறை. இறக்கும்போது டோ கட்டாயம் மாறும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் டயரின் ஓரங்கள் தேய்ந்து கம்பி தெரியும். பலரும் கேம்பரைக் குற்றம் சொல்கிறார்கள், ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான். பின்புற ட்விஸ்ட் பீமில் தொழிற்சாலை அமைப்பில் எதையும் திருத்த முடியாது. அலைன்மென்ட் இயந்திரம் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முகப்பு விளக்கின் ஒளியையும் ஒருமுறை சுவரில் அடித்துப் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் சமமாக இறங்கவில்லையென்றால் ஒளி தாழ்ந்தோ உயர்ந்தோ விழும். பழைய வண்டிகள் சிலவற்றில் பின் அச்சோடு இணைந்த பிரேக் அழுத்த வால்வு உண்டு. வண்டி இறங்கினால் அது சுமை ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். போலோவில் அந்தப் பிரச்சினை இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இறக்குவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: வேகத்தடையில் அடிக்குமா? இதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி 99 என்ற விதிநூல், 1988 பதிப்பில், வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக இருக்க வேண்டும் என்கிறது. போலோவின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம், ஏறத்தாழ 2.47 மீட்டர். முன் சக்கரமும் பின் சக்கரமும் அந்த வளைவின் மேலேயே இருக்கும்போது, வண்டியின் நடுவயிற்றை நோக்கி வளைவு எழும்புவது வெறும் 45 மி.மீ. தான். இறக்கிய பிறகு எனக்கு மிச்சமிருக்கும் கிளியரன்ஸ் ஏறத்தாழ 130 மி.மீ. என்பதால், விதிப்படி கட்டிய வேகத்தடை எதுவும் பிரச்சினையே அன்று. சிக்கல் எங்கே என்றால், தெருக்காரர்களே சிமென்ட் கலந்து இரண்டடி அகலத்தில் அளவுக்கு மீறிய உயரத்துக்கு எழுப்பும் தடைகளில். அகலம் குறைவாக இருப்பதால் நான்கு சக்கரங்களும் சமதரையில் நிற்க, தடையின் முழு உயரமும் வயிற்றுக்குக் கீழே வந்துவிடும்; அங்கே வளைவும் கணக்கும் உதவாது. குறுக்கே சாய்த்து, ஒரு நேரத்தில் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் பெரும்பாலானவற்றைத் தாண்டலாம். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு தடையில் அதற்கும் வழியில்லை, சுற்றிப் போகிறேன். பேஸ்மென்ட் பார்க்கிங்கின் சரிவு முடியும் இடத்தில் முன் பம்பரின் கீழ் உதடு உரசும். அது கறுப்புப் பிளாஸ்டிக் என்பதால் கீறல் வெளியே தெரியாது, அவ்வளவே ஆறுதல்.

சுமையைப் பொறுத்தவரை என் கவலை பின்புறத்தைப் பற்றியது. நான்கு பேரும் பைகளும் ஏறினால் பின்புறம் இன்னும் 30 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது. தொழிற்சாலை ஸ்பிரிங்கில் அதே சுமைக்கு இதைவிட அதிகமாக இறங்கும் என்றாலும், அது உயரத்திலிருந்து தொடங்குவதால் இடம் மிச்சமிருக்கும். இதில் அந்த இடம் குறைவு. குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பாலத்தின் முடிவில் உள்ள பள்ளங்களில் வேகத்தைக் குறைக்காவிட்டால் பின் பம்ப் ஸ்டாப் தன் இருப்பை அறிவித்துவிடும். இதற்குத் தீர்வாகச் சிலர் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுகிறார்கள். ஸ்பிரிங்கின் ஒரு பகுதியை இயங்கவிடாமல் பூட்டி வைப்பதற்கு எதற்கு ஜெர்மனியிலிருந்து ஸ்பிரிங் வரவழைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? வால்பாறை ஏற்றத்தில் ஒரு வளைவிலிருந்து எதிர்த்திசை வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, முன்பு உடல் சாய்ந்து அமரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது காத்திருப்பு ஏறத்தாழ இல்லை. பிரேக் அடிக்கும்போது மூக்கு குனிவது நன்றாகக் குறைந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது பக்கக் காற்று தள்ளினாலும் வண்டி அசைவதில்லை. போலோவின் அடித்தளத்துக்கு இந்தத் திறன் உண்டு என்பதை 2010 முதல் இங்கே நடந்த போலோ பந்தயத் தொடர்களைச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பார்த்தவர்கள் அறிவார்கள். அந்த வண்டிகள் முழுக்கவே வேறு சஸ்பென்ஷனில் ஓடியவை என்பதால் ஒப்பிடுவது பொருந்தாது. ஆனாலும் அதே எலும்புக்கூடு என்பது சில வளைவுகளில் நினைவுக்கு வரும்.

உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காய்லோவர்களை ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். நான்கு மூலைகளையும் விரும்பிய உயரத்தில் வைக்கலாம் என்பது உண்மையான வசதிதான். ஆனால் விலை குறைந்த காய்லோவர்களில் ஸ்பிரிங் இருக்கையைக் கீழே திருகினால் உயரம் குறைவதோடு சக்கரம் மேலே ஏறும் தூரமும் அதே அளவு குறைகிறது. உடலின் நீளத்தைத் தனியே மாற்றும் வசதி உள்ளவை விலை கூடியவை. நம் மழையிலும் புழுதியிலும் திருகுமரை இறுகிப்போனால், பிறகு அது மாற்றவே முடியாத காய்லோவர்தான். பந்தயப் பாதைக்குப் போகாதவருக்கு, அளந்து செய்த ஒரே உயரமே போதும் என்பது என் எண்ணம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்யப்பட்டது. பெட்டிக்குள் வரும் ஜெர்மானியச் சான்றுத் தாளுக்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை. விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையின்போது இந்த மாற்றம் கேள்விக்கு உள்ளாகலாம் என்பதையும் வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய ஸ்பிரிங்குகளையும் ஷாக்குகளையும் இடது, வலது என்று எழுதி ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வண்டியை விற்கும்போது தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் வாங்குபவருக்கும் நல்லது.

தனியாகவோ இருவராகவோ ஓட்டுபவர், மேம்பட்ட சாலைகளில் நெடுந்தூரம் போகிறவர், மலைப்பாதை பிடித்தவர் ஆகியோருக்கு ப்ரோ-கிட்டும் பி8-உம் சேர்ந்த இணை நல்ல தேர்வு. இரண்டையும் ஒன்றாக வாங்கப் பணம் போதாதென்றால், தொழிற்சாலை உயரத்துக்கான நல்ல ஷாக்குகளை மட்டும் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். வண்டி தாமதித்துச் சாய்கிறது என்பதுதான் உங்கள் குறை என்றால், அதில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும், கிளியரன்ஸும் 165-இலேயே இருக்கும். வாரந்தோறும் ஐந்து பேரோடு கிராமத்துச் சாலையில் போகிறவர்கள் ஸ்பிரிங்கைத் தொடாமல் இருப்பதே மேல்.